தேருக்கு முதல்நாள் வந்த தொட்டி

கடந்த வாரம் மதிய உணவின்போது, கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, நம்ம ஆளுங்க வண்டிய கொண்டு வந்தாங்கன்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல?" எதிரே இருந்த யாழ்ப்பாணத்துத் தங்கை சிரித்தார். "அவை கேக்க முதலே நாங்கள் செய்துபோடுவம்" என்றார். பிறகு, பட்டறைக்குப் புதியவர்களான நீங்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டு பேசாமல் இருந்தேன். அதை மறுப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு முழுப் பிற்பகல் நீளமானது. உணவு இடைவேளை அதற்குப் போதவில்லை.

இந்தக் கோடை முடிந்ததும் நான் இந்தக் கழிவுத்தொட்டிப் பட்டறையிலிருந்து விலகுகிறேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு காத்திருக்கிறது. வால்வைக் கழற்றுவது, ரப்பர் வளையம் மாற்றுவது, கழுவும் மருந்தை எவ்வளவு கலப்பது ஆகியவற்றை மெட்டெ உங்களுக்குக் காட்டித் தருவார். பட்டறையில் என்னோடு வேலை செய்த இத்தனை கோடைகளில் எனக்கும் அவர்தான் காட்டினார். ஆனால் வண்டிக்காரர் உங்கள் மொழியிலேயே உங்களிடம் கெஞ்சும்போது என்ன செய்வது என்பதை மெட்டெயால் காட்ட முடியாது. அவருக்கு அது நேர்ந்ததில்லை. உங்களுக்கு நேரும். ஆகவே தமிழில் எழுதுகிறேன்.

இந்த வேலையில் துர்நாற்றம்தான் பெரிய துன்பம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இல்லை. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கரவனின் கழிப்பறைப் பெட்டியை இழுத்தெடுத்துக் கொட்டிவிடலாம். அதில் மர்மம் எதுவும் கிடையாது. கவனிக்க வேண்டியது வண்டியின் தரைக்குக் கீழே தொங்கும் மற்றத் தொட்டியை. சமையல் தொட்டியில் கழுவிய நீரெல்லாம் அதற்குள்தான் போய்ச் சேருகிறது. இரண்டு இரும்புப் பட்டிகள் அதைத் தாங்குகின்றன. பட்டிகளின் முனைகள் வண்டியின் சட்டத்தோடு ஆணிகளால் பொருத்தப்பட்ட தாங்கிகளில் பிடிபட்டிருக்கின்றன. நிரம்பிய தொட்டி வளர்ந்த இரண்டு ஆட்களின் எடை இருக்கும். யாரும் பார்க்காத இடத்தில், ஓடும் சாலைக்கு ஒரு சாண் மேலே, அந்த எடை தொங்குகிறது.

இனி, நீங்கள் இங்கே வருமுன் நடந்த அந்தப் பிற்பகல்.

டேனிஷ் தீபகற்பமான யூலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கோயிலில் மறுநாள் தேர். ஓகூஸ் நகரில் உள்ள தமிழ் வீடுகளில் பாதி அப்போதே பூட்டிக் கிடந்தது. மதியத்துக்குப் பின், கப்பலில் வந்திறங்கிய ஒரு கரவன் எங்கள் முற்றத்துக்குள் திரும்பியது. நாட்டின் கிழக்குப் பக்கத்தில் உள்ள புரொண்பியிலிருந்து வந்த குடும்பம். ஓட்டிவந்தவர் சிவம் அண்ணை. மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவர் மனைவி வசந்தி அக்கா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். காரின் பின்னிருக்கையில் அவர்களின் மகள் மீரா, காதுகளை மூடிய கருவியோடு, பதினான்கு வயதின் முழு அலட்சியத்தோடு அமர்ந்திருந்தாள்.

நான் தமிழில் வணக்கம் சொன்னதும் சிவம் அண்ணையின் முகம் தெளிந்தது.

"அப்பாடா, எங்கட பிள்ளை. தங்கச்சி, பெரிய வேலை ஒண்டும் இல்லை. தொட்டி நிறைஞ்சிட்டுது எண்டு லைட் எரியுது. திறந்து பாத்தால் ஒரு சொட்டும் வருதில்லை. சென்சார்தான் பிழை. அதை ஒருக்கா நிப்பாட்டிவிடும், நாங்கள் கெதியாப் போகவேணும்."

ஏன் அவசரம் என்பதை வசந்தி அக்கா சொன்னார். போன பனிக்காலத்தில் மீரா பல வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். பிள்ளை எழும்பி நடந்தால் தேரன்று தண்ணீர்ப்பந்தல் வைத்து, வருகிற சனம் எல்லாருக்கும் மோர் கொடுப்பேன் என்று அவர் நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை எழுந்து நடந்தாள். கரவன்தான் பந்தலின் சமையலறை. அன்று பின்னேரமே கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்து, விடியத் தயிர் கடைய வேண்டும்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். அளவுகாட்டி நிறைந்ததாகக் காட்டுகிறது. வால்வைத் திறந்தால் எதுவும் வரவில்லை. கையேட்டைப் புரட்டினால் சிவம் அண்ணை சொன்னதே அதிலும் இருக்கும்: உணர்முனையில் கொழுப்பு ஒட்டினால் வெறும் தொட்டியும் நிறைந்ததாகத் தெரியும். பெரும்பாலான நாட்களில் அது சரியான விடையும்கூட. கம்பியைக் கழற்றி விளக்கை அணைத்து, கையசைத்து அனுப்பியிருக்கலாம்.

நான் வசந்தி அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, இதுக்குள்ள என்ன சமைச்சனீங்கள்?"

அவர் முகம் சிவந்தது. "ஏன் தங்கச்சி அப்பிடிக் கேக்கிறீர்? நேத்தி வண்டி. மச்சம் ஒண்டும் இதுக்குள்ள காய்ச்சேல்லை. ஒரு முட்டைகூட உடைக்கேல்லை."

வண்டியின் தூய்மையை நான் சந்தேகிப்பதாக அவர் நினைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கேள்வியைச் சரியாக அமைத்தேன்.

"அதில்லை அக்கா. சொதி வைச்சனீங்களோ?"

"சொதி இல்லாமல் இடியப்பத்தை எப்பிடித் தின்னுறது?"

"மிஞ்சின சொதி?"

அவர் கணவரைப் பார்த்தார். "அவர்தான் கழுவுறவர்."

"சிங்கிலதான் ஊத்தினனான்" என்றார் சிவம் அண்ணை. "வெளியில ஊத்தினால் பக்கத்துக் கரவன் வெள்ளைக்காரர் பாப்பினம் எல்லோ. மரியாதை வேணும்."

"எத்தினை தரம்?"

"இந்தக் கோடை முழுக்க. போன வருசமும்தான். தேர் வேலைக்கு வந்த ஆக்களுக்கு இவதான் சமைச்சுக் குடுத்தவ. பேணி பேணியாத் தேங்காய்ப்பால்."

உங்கள் வீட்டு அடுக்கில் நிற்கும் தேங்காயெண்ணெய்ப் போத்தலை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் ஆண்டின் பெரும்பகுதி அது மெழுகாகவே நிற்கும். தலைக்கு வைப்பதற்கு வெந்நீரில் இறக்கி வைக்க வேண்டும். தரைக்குக் கீழே காற்றில் தொங்கும் தொட்டி அந்த அடுக்கைவிடக் குளிரானது. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் சோறு வடித்த கஞ்சியும் அதற்குள் இறங்கினால், அவை போய் உறையும் இடம் தொட்டியின் மிக ஒடுங்கிய பகுதி, அதாவது வெளியேறும் வாய். வாய் அடைபட்டால் எதுவும் வெளியே வராது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சியம் ஆகாது.

நான் பலகையில் படுத்து வண்டியின் அடியில் சறுக்கினேன். விரல் கணுவால் தொட்டியின் அடிப்பக்கத்தைத் தட்டினேன். பிறகு பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக மேல்நோக்கி. வெறும் தொட்டி பிளாஸ்டிக் வாளி போல எதிரொலிக்கும். இது விளிம்பு வரை மௌனமாக இருந்தது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

அதைவிட மோசமான செய்தி பின்பக்கத் தாங்கியில் இருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய ஆணித்துளை நீள்வட்டமாக இழுபட்டிருந்தது. அதன் ஓரத்தில் இரும்பு புதிதாக உராய்ந்து வெள்ளி போல மின்னியது. துளைக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே நகம் அளவு இரும்புதான் மிச்சம்.

படுத்தபடியே கேட்டேன்: "அண்ணை, போன வருசம் தேர் முடிய இந்தத் தொட்டியை எங்க திறந்தனீங்கள்?"

மேலிருந்து பெருமிதத்தோடு பதில் வந்தது. "கோயில் வீதியிலயோ? எச்சில் தண்ணியோ? நிறையத் தொட்டியோடதான் வீட்டை கொண்டுபோனனாங்கள்!"

அந்தப் பெருமிதத்தில் ஒரு பிழையும் இல்லை. டேனியர்கள் புறப்படும் முன் தொட்டியை வெறுமையாக்குவார்கள். ஆகவே இப்படி இழுபட்ட துளையை மெட்டெகூட அதுவரை பார்த்ததில்லை. அந்தத் தாங்கி வெறும் தொட்டியைச் சுமந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. கோயில் வீதிக்குக் காட்டிய மரியாதையை அது நாட்டின் குறுக்கே, பாலம் தாண்டி, புரொண்பி வரை சுமந்திருந்தது.

வெளியே வந்து சொன்னேன். சிவம் அண்ணை உடனே தீர்வு சொன்னார்: "சுடுதண்ணி ஊத்தினால் உருகும் எல்லோ?"

உருகும். எனக்கும் முதலில் அதுவே தோன்றியது. அடைப்பைப் பற்றி நான் டேனிஷில் சொன்னதும், பக்கத்தில் நின்ற மெட்டெ வெந்நீர்க் கெண்டியை எடுக்கத் திரும்பியும்விட்டார். இங்கேதான் நிதானம் தேவைப்பட்டது. நிரம்பிய தொட்டிக்குள், கிழியும் தாங்கியின் மேல், இன்னும் நீரை ஊற்றுவதா? நான் மெட்டெயை நிறுத்தினேன். முதலில் தொட்டியின் கீழ் ஒரு பலகையைக் கொடுத்து, பலகையின் கீழ் வண்டி தூக்கும் ஜாக்கியை வைத்து, பட்டிகள் தளரும்வரை எடை முழுவதையும் நிலத்துக்கு மாற்றினோம். உள்ளே ஒரு துளி நீரும் ஊற்றவில்லை. பழைய துவாய்களை வெந்நீரில் நனைத்து, வெளியேறும் குழாயை மட்டும் வெளியிலிருந்து சுற்றினோம். ஆறிய துவாயை எடுத்துச் சூடானதைச் சுற்றினோம். காய்ச்சல்காரருக்குப் பணிவிடை செய்வதுபோல இருந்தது. வசந்தி அக்கா தாமாகவே வந்து துவாய் பிழிந்தார். அதில் எங்களைவிட அவர் கைதேர்ந்தவர்.

சற்று நேரத்தில் குழாய்க்குள் ஏதோ நகரும் சத்தம். பிறகு, மெழுகுதிரித் துண்டு போன்ற வெள்ளை அடைப்பு வழுக்கி விழுந்தது. அதன் நடுவில் ஒரு கறிவேப்பிலை.

மெட்டெ அதைக் கம்பியால் புரட்டிப் பார்த்து, "இது என்ன, இலை பதித்த மெழுகுதிரியா?" என்று கேட்டார்.

"தேங்காய்ப்பால்" என்றேன்.

"கேக்கில் போடும் தேங்காயா?" அவர் நம்பவில்லை. அதற்குள் பின்னால் தேங்கியிருந்த வெள்ளம் வரத் தொடங்கியது. முற்றத்துக் கழிவுக் குழியை நோக்கிப் போட்டிருந்த குழாய் துள்ளியது. காருக்குள்ளிருந்து மீரா டேனிஷில் கத்தினாள்: "அம்மா, கண்ணாடியை ஏத்து! செத்துப்போவேன்!"

"இவ்வளவு நாளும் இதுக்கு மேலதான் நித்திரை கொண்டனீ" என்றார் தந்தை.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் மேலேயே சிவம் அண்ணை தன் வேண்டுகோளை வைத்தார். திறமையான மனிதர்.

"இப்ப வெறுந்தொட்டிதானே தங்கச்சி. பாரம் இல்லை. ஒரு நல்ல கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடும். நாங்கள் மெதுவாப் போறம்."

"நாளைக்குக் கழுவினால் திரும்பவும் நிறையும் அண்ணை. கிழியத் தொடங்கின இரும்பு. புதுத் தாங்கி திங்கள்தான் வரும். அதுவரைக்கும் தொட்டியைக் கழட்டி இஞ்ச வைச்சிட்டுப் போங்கோ."

"தொட்டி இல்லாமல் பந்தலோ? அத்தினை டம்ளரையும் எங்க கழுவுறது?"

"கயிறு கட்ட ஏலாது அண்ணை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, அந்தப் பிள்ளை எப்பிடிக் கிடந்தது எண்டு உமக்குத் தெரியாது. குழாயளுக்கு நடுவில கிடந்தது. இவ நிலத்தில இருந்து வைச்ச நேத்தி. ஒரு வெள்ளைக்காரனிட்ட இப்பிடிக் கேப்பனே? நீரும் எங்கட பிள்ளை எண்டுதானே கேக்கிறன்."

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்தக் கணத்தைப் பற்றித்தான். தொட்டியைப் பற்றிய தீர்மானம் எனக்கு எளிதாக இருந்தது. துளையைப் பார்த்த கண்ணுக்கு அதில் ஐயம் இல்லை. ஆனால் மெட்டெ பக்கத்தில் நின்றும் இந்தப் பேச்சில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. முற்றத்தில் அந்த வேண்டுகோளைக் கேட்டவள் நான் ஒருத்திதான். ஆகவே மறுக்க வேண்டியவளும் நான் ஒருத்திதான்.

எங்கள் பட்டறையின் தலைவி அன்று ஓல்போர்க்குக்கு அருகில் ஒரு கரவன் முகாமில் வேலையாக இருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். மேலிடத்திலிருந்து ஒரு மறுப்பு வந்தால் அதன் பின்னால் நின்றுகொள்ளலாம் என்று எண்ணினேன். அவர் முழுவதையும் கேட்டார். "துளையை உன் கண்ணால் பார்த்தாயா?" என்றார். பார்த்தேன் என்றேன். "அப்படியானால் நீயே முடிவு செய். நான் பார்க்கவில்லையே." அவ்வளவுதான். வைத்துவிட்டார். கைவிடப்பட்டதாக ஒரு கணம் கோபம் வந்தது. தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைக்கும்போது, எனக்குக் கிடைத்தது முழு அதிகாரம் என்பது புரிந்தது.

திரும்பி வந்து கேட்டேன்: "அண்ணை, இண்டைக்குப் பின்னேரம் இந்த ரோட்டில உங்களுக்குப் பின்னால ஆர் வருவினம்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.

"தேருக்குப் போற சனம்தான். ஓகூஸ் ஆக்கள், ஓல்போர்க் ஆக்கள். எல்லாம் எங்கட ஆக்கள், பிள்ளையளோட. தொட்டி கழண்டால் ஆருடைய கார்க் கண்ணாடியில விழும்?"

சிவம் அண்ணை வண்டியின் அடியில் குனிந்து, நான் காட்டிய துளையை நெடுநேரம் பார்த்தார். எழுந்தபோது முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டவும் மறந்திருந்தார்.

பேசியவர் வசந்தி அக்கா. "கழட்டட்டும். ஆனால் தங்கச்சி, கழுவுற தண்ணியைக் கோயில் வீதியில ஒரு சொட்டும் விடமாட்டன். அதுக்கு மோர் குடுக்காமலே விடலாம்."

கார்க் கதவு திறந்தது. மீரா இறங்கி வந்தாள். காதுக் கருவி கழுத்தில் தொங்கியது. எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. சாரணர் முகாமில் மூன்று வாளி வைத்துத்தான் கழுவுவோம் என்று டேனிஷில் சொன்னாள்: ஒன்றில் சவர்க்காரம், ஒன்றில் நல்ல நீர், மூன்றாவது அழுக்கு நீருக்கு. கோயிலுக்குப் பக்கத்துக் கரவன் முகாமில் கழிவு ஊற்றும் இடம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் ஊற்றினால் சரி.

"அவ்வளவு தூரம் நாள் முழுக்க ஆர் தூக்கிறது?" என்றார் தாய்.

மீரா தமிழுக்கு மாறினாள். சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். "இந்த நேத்தி எனக்குத்தானே அம்மா? நான் தூக்கிறன்."

வசந்தி அக்கா மகளின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். கணவரைப் பார்த்து, "பாரம் தூக்கக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார்.

"அரை வாளி, அரை வாளியாத் தூக்கட்டும்" என்றார் சிவம் அண்ணை.

வேலை நேரம் முடிந்தும் மெட்டெ நின்றார். இருவருமாகத் தொட்டியைக் கழற்றி இறக்கினோம். சிங்க்கின் துளையை உள்ளிருந்து அடைத்து, அதன் மேல் அகலமான சிவப்பு ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். அவசரத்தில் யாரும் மறந்துபோய் ஊற்றிவிடக் கூடாது. பட்டறையில் இருந்த நல்ல வாளிகள் மூன்றையும் தேய்த்துக் கழுவிக் கொடுத்தோம். தம்பி கேட்ட அட்ஜஸ்ட் இதுதான். நம் ஆட்களுக்காக என் மாலைப் பொழுதை விட்டுக்கொடுக்கலாம், அது என்னுடையது. அந்தத் துளையின் ஓரத்தில் மிஞ்சியிருந்த இரும்பு என்னுடையதல்ல.

திங்கட்கிழமை, கப்பலுக்குப் போகும் வழியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். மீராவின் மூக்கு வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. வாளிகளைத் தானே இறக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மெட்டெயிடம் ஒப்படைத்தாள். வசந்தி அக்கா எங்களுக்கென்று ஒரு போத்தல் மோர் எடுத்து வைத்திருந்தார். மெட்டெ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பச்சைமிளகாய் தொண்டையில் பிடித்துக் கண்ணீர் வழிய இருமினார். இருமல் நின்றதும் குவளையை மறுபடி நீட்டினார்.

புதிய தாங்கியை, முன்னதைவிடத் தடித்த தகட்டில், பொருத்தினோம். சிவம் அண்ணை என்னிடம் பலகையைக் கேட்டு வாங்கி, தானே அடியில் சறுக்கிப் படுத்தார். தொட்டியைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். வெளியே வந்தபோது முற்றத்தில் இன்னொரு கரவன் நின்றது. தேருக்கு வந்துவிட்டுத் திரும்பும் அவருடைய நண்பர். அண்ணைதான் இங்கே வரச் சொல்லியிருந்தார்.

நண்பர் இறங்கும்போதே என்னைப் பார்த்துத் தொடங்கினார். "தங்கச்சி, எங்கட தொட்டியும் நிறைஞ்சிட்டுது எண்டு காட்டுது. சென்சார்தான் பிழை போல—"

"சென்சாரை விடு" என்றார் சிவம் அண்ணை, கைமண்ணைத் தட்டிக்கொண்டு. "மனுசியை இறங்கி வரச் சொல்லு. என்ன சமைச்சவ எண்டு முதல் கேப்பம்."

நான் துவாய்களை வெந்நீரில் போட உள்ளே போனேன்.